தங்கநிற மூட்டும் நீலநிறத் திருகும்: வாசகர் கேள்வி பதில்

உடலுக்குள் வைக்கப்படும் உலோகங்களைப் பற்றி இரண்டு இதழ்களுக்கு முன் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தையே கேட்டன: அந்த உலோகத்தின் மேல் என்ன பூசியிருக்கிறார்கள், பூசாவிட்டால் என்ன ஆகும், பூசியது எத்தனை நாள் தாங்கும்? நான் உலோகவியல் படித்தவன், மருத்துவன் அல்லன். எனவே சிகிச்சை பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவரிடமே விட்டுவிட்டு, உலோகத்தின் பக்கம் நின்று மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்குத் தொடை எலும்பு முறிவுக்கு டைட்டானியம் பிளேட் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேற்பூச்சு எதுவும் கிடையாது என்று மருத்துவர் சொன்னார். பூச்சே இல்லாத உலோகம் உடலுக்குள் துருப்பிடிக்காதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் உடல்நீர் உலோகத்துக்கு உகந்த இடமன்று. 37 டிகிரி வெப்பம், குளோரைடு உப்பு, கரைந்த ஆக்சிஜன், புரதங்கள் எல்லாம் அங்கே உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பின் வீக்கம் இருக்கும் நாள்களில் அந்த இடத்தின் அமிலத்தன்மையும் கூடிவிடுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வனேடியம் கலந்த எஃகில் பிளேட்டுகள் செய்து எலும்பு முறிவுகளுக்கு வைத்தார்கள். அவற்றுக்கு வலு இருந்தது, ஆனால் உடலுக்குள் அரித்துப்போனதால் பிற்பாடு கைவிடப்பட்டன.

டைட்டானியம் அந்தக் கதிக்கு ஆளாகாததற்குக் காரணம், அது தனக்குத் தானே ஒரு தோலைப் போர்த்திக்கொள்வதுதான். காற்றோ நீரோ பட்ட மாத்திரத்தில் அதன் மேற்பரப்பில் டைட்டானியம் ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது. இதன் கனம் ஒரு சில நானோமீட்டர் மட்டுமே. தலைமுடியின் குறுக்களவில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் அது இடைவெளியின்றி உலோகத்தைக் கவ்விப் பிடித்திருக்கிறது, உடல்நீரில் ஏறத்தாழ கரைவதே இல்லை, கீறல் விழுந்தால் மில்லிவினாடிகளில் அந்த இடத்தை மூடியும் விடுகிறது. மனிதர் பூசும் வழக்கமான பூச்சுகள் இந்தக் கடைசி வேலையைச் செய்வதில்லை. மருத்துவர் பூச்சு இல்லை என்று சொன்னது, தொழிற்சாலையில் தனியாக எதுவும் பூசவில்லை என்ற பொருளில்தான்.

துருப்பிடிக்காத எஃகுக்கும் இப்படி ஒரு தோல் உண்டு. எலும்புப் பிளேட்டுகளுக்குப் பயன்படும் 316எல் வகையில் 17 முதல் 19 சதவீதம் குரோமியம் இருக்கிறது, அந்தக் குரோமியத்தின் ஆக்சைடுதான் எஃகைக் காக்கிறது. ஆனால் குளோரைடு இருக்கும் இடத்தில் இந்தத் தோல் டைட்டானியத்தின் தோலைவிடப் பலவீனமானது, அதிலும் ஆக்சிஜன் எட்டாத இடுக்குகளில் தன்னைச் சரிசெய்துகொள்ள அதனால் முடிவதில்லை. சில ஆண்டுகள் உடலுக்குள் இருந்து எடுக்கப்பட்ட எஃகுப் பிளேட் ஒன்றை நான் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தட்டின் முகம் புதிது போல் பளபளத்தது. திருகின் தலை உட்காரும் குழிகளில் மட்டும் பிறைவடிவத்தில் மங்கிய, சொரசொரப்பான ஒரு பட்டை, அதன் நடுவே ஊசி குத்தினாற்போல் பள்ளங்கள். நடக்கும்போதெல்லாம் திருகும் தட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவில் உரசிக்கொண்டதால், அந்த இடுக்கில் தோல் மீண்டும் மீண்டும் கிழிந்திருக்கிறது. திறந்த முகப்பில் எதுவும் நேரவில்லை. பூச்சுகளைப் பற்றிய எல்லாக் கேள்விகளிலும் நான் முதலில் நினைத்துக்கொள்வது அந்தக் குழிகளைத்தான்.

கேள்வி: இயற்கையான தோலே போதுமென்றால் பூச்சுகளுக்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி? (பொறியியல் மாணவர்)

பதில்: அந்தத் தோல் ஒரே ஒரு வேலையை, அதாவது அரிமானத்தைத் தடுக்கும் வேலையைத்தான் நன்றாகச் செய்கிறது. இடுப்பு மூட்டின் உருண்டை லட்சக்கணக்கான முறை உரச வேண்டும். சில நானோமீட்டர் படலம் அதற்கு ஈடுகொடுக்காது, கடினமான பூச்சு தேவை. செயற்கை மூட்டின் தண்டு எலும்போடு ஒட்டி ஒன்றாக வேண்டும். அதற்கு எலும்பு விரும்பும் பூச்சு தேவை. புற்றுநோய்க் கட்டியை அகற்றிய இடத்தில் வைக்கும் பெரிய உலோகத் துண்டில் கிருமி குடியேறக் கூடாது, ரத்தக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டைச் சுற்றி உள்சுவர் தசை அளவுக்கு மீறி வளரக் கூடாது.

இந்தத் தேவைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்பதுதான் சிக்கல். எலும்புச் செல்கள் விரும்பி ஒட்டும் சொரசொரப்பு கிருமிகளுக்கும் வசதியாக அமைந்துவிடலாம், கிருமியைக் கொல்லும் வெள்ளி அளவு கூடினால் எலும்புச் செல்லையும் வாட்டும். ஆகவே பூசியது நல்லதா, பூசாதது நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த இடத்தில், எந்தச் சேதத்துக்கு எதிராக என்று கேட்டால்தான் பேச முடியும்.

கேள்வி: எனக்குக் கையில் வைத்த பிளேட் பொன்னிறமாகவும் திருகுகள் நீலமாகவும் இருந்ததை அறுவைக்கு முன் காட்டினார்கள். அந்தச் சாயம் உடலில் கரையாதா? (இல்லத்தரசி ஒருவர்)

பதில்: அதில் சாயம் ஒரு துளிகூட இல்லை. இதை ஒருமுறை நேரில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். டைட்டானியத் துண்டை மின்சுற்றின் நேர்முனையோடு இணைத்து, மின்கடத்தும் கரைசலில் முக்கி, வோல்ட்டைச் சிறிது சிறிதாக ஏற்றினால், 10 வோல்ட் வாக்கில் வெள்ளி நிறம் மறைந்து பழுப்புப் பொன்னாகிறது. பிறகு ஊதா, 30 வோல்ட்டை நெருங்கும்போது அழுத்தமான நீலம், 60 வோல்ட்டை ஒட்டி மஞ்சள், அதையும் தாண்டினால் இளஞ்சிவப்பு, 100 வோல்ட் அளவில் பச்சை. ஒவ்வொரு நிறமும் சில நொடிகளில் வந்துவிடும். நடப்பதெல்லாம் முன்பு சொன்ன அதே ஆக்சைடு தோல் மின்சாரத்தால் தடித்துக்கொண்டே போவதுதான். படலத்தின் மேல்முகத்திலும் அடிமுகத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் கழிந்தும் நமக்கு நிறமாகத் தெரிகின்றன. நீர்மேல் மிதக்கும் எண்ணெயிலும் மயிலின் கழுத்திலும் நாம் பார்ப்பது இந்த வித்தைதான்.

பல தயாரிப்பாளர்கள் திருகுகளின் குறுக்களவை அடையாளம் காட்டவே இந்த நிறங்களைப் பயன்படுத்துகிறார்கள். அறுவை அரங்கில் தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பவர் நிறத்தைப் பார்த்தே அளவைப் பிரித்துவிடலாம். ஆக்சைடு தடித்திருப்பதால் அரிமானத்துக்கு எதிராகச் சற்றுக் கூடுதல் காப்பும் கிடைக்கிறது. ஆனால் நிறம் மங்கினால் மருந்து தீர்ந்துவிட்டது என்பது போல் நினைக்க வேண்டாம். கடுமையான காரத்தில் கழுவினாலும் உரசினாலும் படலத்தின் கனம் மாறி நிறமும் மாறும், அவ்வளவுதான்.

கேள்வி: கவரிங் நகை போட்டாலே எனக்குத் தோல் தடித்து அரிக்கும். முழங்கால் மூட்டு மாற்ற வேண்டும் என்கிறார்கள். தங்கநிறப் பூச்சுள்ள மூட்டு ஒவ்வாமைக்கு நல்லது என்று கேள்விப்பட்டேன், உண்மையா? (62 வயதுப் பெண்மணி)

பதில்: அந்தத் தங்கநிறத்தில் தங்கம் இல்லை. அது டைட்டானியம் நைட்ரைடு. வெற்றிடக் கலத்துக்குள் டைட்டானியத்தை ஆவியாக்கி, நைட்ரஜனோடு சேரவிட்டு, மூட்டின் மேல் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கனத்துக்குப் படிய வைக்கிறார்கள். எஃகு வெட்டும் கருவிகளின் முனையில் பூசுவதும் இதே பொருள்தான் என்பதிலிருந்து அதன் கடினத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

உங்கள் தோலை அரிக்கவைப்பது பெரும்பாலும் நகையின் அடியில் இருக்கும் நிக்கல். முழங்கால் மூட்டின் தொடைப் பகுதி வழக்கமாகக் கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் கலந்த உலோகத்தால் செய்யப்படுகிறது. அதில் நிக்கல் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஒப்பிடுவதற்காகச் சொன்னால், 316எல் எஃகில் 13 முதல் 15 சதவீதமும், சில ஸ்டென்ட்டுகளில் பயன்படும் நிட்டினால் என்ற கலப்பு உலோகத்தில் எடையில் ஏறத்தாழ 55 சதவீதமும் நிக்கல்தான். நைட்ரைடு பூச்சு ஒரு மதில் போல நின்று உலோக அயனிகள் வெளியேறுவதைக் குறைக்கிறது, அது உண்மை. ஆனால் தோலில் நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் எல்லோருக்கும் மூட்டிலும் தொல்லை வருவதில்லை, தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனையை வைத்து மூட்டின் எதிர்காலத்தைக் கணிக்கவும் முடிவதில்லை. பூச்சு போட்ட மூட்டு போடாததைவிட நீண்ட நாள் உழைக்கிறது என்று சொல்லத் தக்க உறுதியான சான்றும் கிடையாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால், நகை அரிப்பை அறுவை மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லி, எந்த உலோகம் வைக்கப்போகிறார்கள் என்று பெயர் கேட்டு எழுதிக்கொள்வேன். பூச்சுக்கு ஆசைப்படுவதைவிட அது பயனுள்ள வேலை.

கேள்வி: வைரம் பூசிய மூட்டு ஏன் இன்னும் பரவலாகவில்லை? உலகிலேயே கடினமான பொருள் அல்லவா? (முதலில் எழுதிய அதே பொறியியல் மாணவர்)

பதில்: நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நீங்கள் சொல்வது வைரம் போன்ற கார்பன் என்ற பூச்சு. அசல் வைரத்தின் ஒழுங்கான படிகம் அதில் இல்லை. கார்பன் அணுக்களில் ஒரு பகுதி வைரத்தில் இருப்பது போலவும் மீதி கிராஃபைட்டில் இருப்பது போலவும் பிணைந்து கிடக்கும். கடினம், வழவழப்பு, உடலோடு ஒத்துப்போகும் தன்மை மூன்றும் ஒருங்கே அமைந்த இந்தப் பொருளைக் காகிதத்தில் பார்க்கிறவர்கள் யாரும் மயங்கத்தான் செய்வார்கள்.

1990களில் இந்தப் பூச்சு போட்ட இடுப்பு மூட்டு உருண்டைகளை மனிதர்களுக்குப் பொருத்தினார்கள். ஆய்வுக்கூட உரசல் சோதனைகளில் அவை நன்றாகத் தேறியிருந்தன. முதல் ஓரிரு ஆண்டுகளில் நோயாளிகளிடமும் குறை தெரியவில்லை. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்து, எட்டரை ஆண்டுகளுக்குள் ஏறக்குறையப் பாதி மூட்டுகளை மாற்ற வேண்டியதாயிற்று. எடுத்த உருண்டைகளைப் பார்த்தபோது மேற்பரப்பில் வட்ட வட்டமாகப் பூச்சு பெயர்ந்து கிடந்தது.

வைரம் போன்ற அந்த அடுக்கு தேய்ந்துபோயிருக்கவில்லை. உலோகத்தின் மேல் அது நன்றாகப் பிடிக்க வேண்டுமென்று இடையில் சிலிக்கான் சார்ந்த மெல்லிய ஒட்டு அடுக்கு ஒன்றை வைத்திருந்தார்கள். பூசும்போது படிந்த தூசியால் மேல் அடுக்கில் நுண்துளைகள் ஏற்பட்டன, அவற்றின் வழியே உடல்நீர் இறங்கியது, இறங்கிய நீர் ஒட்டு அடுக்கை இடுக்கு அரிமானத்தால் மெல்ல மெல்லத் தின்றது. அடியில் பிடிமானம் போனதும் மேலே இருந்த கடினமான அடுக்கு தட்டுத் தட்டாக உடைந்து எழும்பியது. உடைந்த துகள்கள் எதிரே இருந்த பாலிஎத்திலீன் கிண்ணத்தைச் சுரண்டின. அந்தப் பிளாஸ்டிக் துகள்களுக்கு உடல் காட்டும் எதிர்வினையால் எலும்பு கரைந்து மூட்டு தளர்ந்தது. மாதக் கணக்கில் நடக்கும் இந்த அரிமானத்தை, வாரக் கணக்கில் உருண்டையைச் சுழற்றும் இயந்திரம் காட்டிக்கொடுக்கவில்லை. பூச்சின் பெயரைக் கேட்டு வியப்பதற்கு முன், அதற்கும் உலோகத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று கேட்பது என் வழக்கமானதற்கு இந்தச் சம்பவமே காரணம்.

இதற்கு மாறான ஒரு வழியும் இருக்கிறது. ஆக்சினியம் என்ற பெயரில் வரும் கரிய மூட்டில் எதுவும் பூசப்படவில்லை. சிர்க்கோனியத்தில் 2.5 சதவீதம் நையோபியம் கலந்த உலோகத்தைக் காற்றில் ஏறத்தாழ 500 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் மேற்பகுதியே 5 மைக்ரான் ஆழத்துக்குக் கரிய பீங்கானாக மாறிவிடுகிறது. உலோகத்திலிருந்தே வளர்ந்த அடுக்கு என்பதால் இடையில் ஒட்டு தேவைப்படுவதில்லை. இதற்கும் குறை உண்டு: அடியிலுள்ள உலோகம் மென்மையானது, ஆகவே மூட்டு நழுவி உலோகக் கிண்ணத்தின் விளிம்பில் இடித்தால் அந்த மெல்லிய பீங்கான் தோல் கிழிந்து ஆழமான சேதம் ஏற்படும்.

கேள்வி: எலும்புச் சத்தையே பூசிய இடுப்பு மூட்டு என்று சொன்னார்கள். அந்தப் பூச்சு கரைந்துவிட்டால் மூட்டு ஆடிவிடாதா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

பதில்: அந்தச் சத்தின் பெயர் ஹைட்ராக்சிஅபடைட். கால்சியமும் பாஸ்பரசும் 10க்கு 6 என்ற அணுக் கணக்கில் சேர்ந்தது. நம் எலும்பின் கனிமப் பகுதிக்கு மிக நெருங்கிய உறவு. இதைப் பூசிய இடுப்பு மூட்டை லண்டனில் ரொனால்ட் ஃபர்லாங் 1985இல் முதன்முதலாகப் பொருத்தினார்.

பூசும் முறை பிளாஸ்மா தெளிப்பு. 10,000 டிகிரியைத் தாண்டும் வெப்பத்தில் பீறிடும் வாயுத் தாரைக்குள் பொடியைச் செலுத்துகிறார்கள். பறக்கும் நொடியிலேயே பாதி உருகிய மணிகள் உலோகத்தில் மோதி, அப்பம் போல் தட்டையாகி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கின்றன. வழக்கமான கனம் 50 முதல் 150 மைக்ரான். இதைவிடத் தடித்தால், உலோகமும் பூச்சும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் விரிசல் விடும். மிக மெலிந்தால் எலும்பு வந்து பிடிப்பதற்குள் கரைந்துவிடும். பன்னாட்டுத் தர விதி, பூச்சைப் பிய்த்தெடுக்க ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 15 நியூட்டன் விசை தேவைப்பட வேண்டும் என்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கரையும், ஓரளவு கரைய வேண்டும் என்றே விரும்புகிறார்கள். கரைந்து வெளிவரும் கால்சியமும் பாஸ்பேட்டும் புதிய எலும்பு படிவதற்கு உதவுகின்றன. பூச்சு பின்வாங்கும் இடத்தில் எலும்பு முன்னேறி, அடியில் இருக்கும் சொரசொரப்பான டைட்டானியத்தையே பற்றிக்கொள்கிறது. எலும்பு டைட்டானியத்தோடு நேரடியாக இணையும் என்பதை ஸ்வீடனின் பிரானமார்க் 1950களில் முயல்களிடம் கண்டறிந்து, 1965இல் முதல் நோயாளிக்குப் பல் வேர் பொருத்திக் காட்டியிருக்கிறார். பூச்சு முந்திக்கொண்டு கரைந்தாலோ செதிலாக உரிந்தாலோதான் ஆபத்து.

கேள்வி: கரைந்துபோகும் மக்னீசியம் திருகுகளுக்கும் பூச்சு உண்டா? (பல் மருத்துவ மாணவி)

பதில்: பூச்சில்லாமலும் இருக்கின்றன, பூசியும் ஆராய்கிறார்கள். மக்னீசியம் வேகமாக அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவந்து திசுவில் குமிழாகத் தங்கும், எலும்பு கூடுமுன்பே திருகின் வலுவும் போய்விடும். ஆகவே இங்கே பூச்சின் வேலை சில வாரங்களுக்குத் தாமதப்படுத்துவது மட்டுமே. அதற்குப் பிறகு அது தோற்றாக வேண்டும். தோற்கும் நாளைக் குறித்துக் கொடுத்துப் பூச்சு செய்வதுதான் இந்தத் துறையிலேயே கடினமான வேலை என்று எனக்குப் படுகிறது.

கேள்வி: கிருமி வராமலிருக்க வெள்ளி பூசிய இம்ப்ளான்ட்டுகள் இருக்கின்றனவாம். எல்லோருக்கும் அதையே வைத்தால் என்ன? (செவிலியர் ஒருவர்)

பதில்: உலோகத்தின் மேல் கிருமி ஒருமுறை படலமாகப் படிந்துவிட்டால் மருந்து அதற்குள் எட்டுவது அரிது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தோனி கிரிஸ்டினா 1987இல் இதை மேற்பரப்புக்கான ஓட்டப்பந்தயம் என்று விளக்கினார். உடலின் செல்கள் முதலில் வந்து ஒட்டினால் உடலுக்கு வெற்றி. ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிருமி முந்தினால் பெரும்பாலும் உலோகத்தையே எடுத்தாக வேண்டியிருக்கும். வெள்ளி அயனிகள் அந்தப் பந்தயத்தில் கிருமியைப் பின்னுக்கு இழுக்கின்றன. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த, கரையும் பூச்சு போட்ட கால் எலும்புக் கம்பிகளும் பயன்பாட்டில் இருக்கின்றன.

எல்லோருக்கும் வைக்காததற்குக் காரணம், வெள்ளியின் அளவு கூடினால் நல்ல செல்லுக்கும் கேடு என்பதுதான். கட்டி அகற்றியபின் வைக்கும் பெரிய உலோகத் துண்டுகள் போல தொற்று அபாயம் மிகுந்த இடங்களில் லாபம் நட்டத்தைவிடப் பெரிது. சாதாரண மூட்டு மாற்றில், அரங்கத்தின் தூய்மையும் அறுவைக்கு முன் தரும் ஆன்டிபயாட்டிக்கும் பெரும்பங்கு வேலையைச் செய்துவிடுகின்றன.

கேள்வி: என் ஸ்டென்ட்டில் இருக்கும் மருந்து எத்தனை ஆண்டு வரும்? தீர்ந்துபோனால் மறுபடி பூசுவார்களா? (55 வயது வாசகர்)

பதில்: மருந்தின் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் வெளியேறிவிடும், மறுபடி பூசுவதில்லை, அதற்குத் தேவையும் இல்லை. பூச்சில்லாத ஸ்டென்ட் வைத்தவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்குச் சில மாதங்களில் உள்சுவர் வளர்ந்து குழாய் மீண்டும் குறுகியது. அந்த வளர்ச்சிக் காலத்தை மட்டும் கடத்திவிடவே சிரோலிமஸ் போன்ற மருந்தைப் பாலிமரில் கலந்து பூசுகிறார்கள். இவ்வகை ஸ்டென்ட்டுகள் 2002இல் ஐரோப்பாவிலும் 2003இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றன. உள்சுவர் வளர்வதைத் தடுக்கும் மருந்து, உலோகத்தின் மேல் நல்ல செல்கள் மூடுவதையும் தாமதப்படுத்துகிறது. மூடாத உலோகத்தில் ரத்தம் உறையலாம். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று வலியுறுத்துவது இதனால்தான்.

கேள்வி: பூச்சு இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பதில்: சில மைக்ரான் பூச்சு எதையும் மாற்றாது. அடியில் இருக்கும் உலோகமும் கருவியின் வகையும்தான் முடிவு செய்யும். ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அறுவை செய்யும்போது பிளேட்டை வளைக்கிறார்கள், திருகுகிறார்கள். அப்போதே பூச்சு போய்விடாதா? (மருத்துவக் கருவிகள் விற்பனைப் பிரதிநிதி)

பதில்: போகலாம். பூச்சில்லாத டைட்டானியத்தில் கீறல் உடனே மூடிக்கொள்ளும் என்றாலும், ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்தால் உலோகம் களைத்து, பிற்பாடு அங்கேயே உடையக்கூடும். எஃகுப் பிளேட்டில் சாதாரண இரும்புக் கருவி உரசினால் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு அரிமானத்துக்கு விதை போடும். தொழிற்சாலையில் கடைசியாக நைட்ரிக் அமிலத்தில் முக்கி எடுப்பதே இத்தகைய துகள்களைக் கரைத்து, குரோமியத் தோலைச் சீராக்கத்தான். நைட்ரைடு போன்ற கடினமான பூச்சுள்ள பகுதிகளை வளைக்கவே கூடாது, பிடிக்கும் முனையில் பிளாஸ்டிக் உறையுள்ள கருவிதான் வேண்டும். எஃகுத் திருகையும் டைட்டானியப் பிளேட்டையும் கலந்து போடும் பழக்கத்தையும் தவிர்ப்பது நல்லது. இடுக்கில் உரசல் ஏற்கெனவே இருக்கும்போது, இரண்டு உலோகங்களுக்கிடையே மின்வேதி வேறுபாட்டையும் சேர்த்தால் எஃகின் பாடுதான் மோசமாகும்.

கேள்வி: என் உடலில் இருப்பது என்ன உலோகம், என்ன பூச்சு என்று எனக்கே தெரியாது. எப்படித் தெரிந்துகொள்வது? (பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: இம்ப்ளான்ட் பெட்டிக்குள் ஒட்டுச்சீட்டுகள் சில வரும். ஒன்று உங்கள் அறுவைக் குறிப்பில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும், ஒன்றை நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பொருளின் பெயர், அளவு, தயாரிப்புத் தொகுதி எண் ஆகியவை அதில் இருக்கும், பல சமயம் உலோகமும் பூச்சும்கூடக் குறிக்கப்பட்டிருக்கும். குறிக்கப்படாவிட்டாலும் அந்தத் தொகுதி எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரிடம் கேட்டறியலாம். பத்தாண்டு கழித்து இன்னொரு மருத்துவர் அந்தத் திருகைக் கழற்ற வேண்டி வந்தால், எந்தத் திருப்புளி பொருந்தும் என்பதையும் அந்தச் சீட்டை வைத்தே கண்டுபிடிப்பார்.